777 குடும்பத்தில் சம்பாதித்துப் போட்டது யார்?

2005 நவம்பரில் ஹாங்காங்கிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய ஒரு போயிங் 777, வழக்கம்போல மேற்கே போகாமல் கிழக்கே திரும்பியது. பசிபிக், அமெரிக்கா, அட்லாண்டிக் என்று உலகத்தை அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஹீத்ரோவில் இறங்கியபோது 22 மணி 42 நிமிடம் ஓடியிருந்தது. நடுவில் எங்கும் இறங்கவில்லை, எரிபொருள் நிரப்பவில்லை. மொத்தம் 21,602 கிலோமீட்டர். சுசானா டார்சி-ஹென்னமன் என்ற போயிங் சோதனை விமானி தலைமையில் ஒரு குழு மாற்றி மாற்றி ஓட்டியது. உள்ளே இருந்தவர்கள் ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு தடவை உதிப்பதைப் பார்த்தார்கள்.

அந்த விமானத்தின் பெயர் 777-200எல்ஆர். எல்ஆர் என்றால் நெடுந்தூரம். போயிங் அதற்கு வேர்ல்ட்லைனர் என்று செல்லப்பெயரும் வைத்தது. உலகத்தில் எந்த இரண்டு ஊரையும் ஏறக்குறைய நேராக இணைத்துவிடலாம் என்று விளம்பரம் செய்தது. விற்றது எவ்வளவு? சுமார் 60. அதே இறக்கையோடும் அதே வகை என்ஜினோடும் இரண்டு வருடம் முன்னால் சந்தைக்கு வந்த 777-300ஈஆர் (ஈஆர் என்றால் நீட்டித்த தூரம்) எவ்வளவு? 800-க்கும் மேல்.

விமானப் பைத்தியங்கள் சேர்ந்தால் எல்ஆரைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் குடும்பத்தில் சம்பாதித்துப் போட்டது நீளமான உடம்புக்காரன் 300ஈஆர். ஏன் அப்படி என்பதுதான் எனக்கு சாதனையைவிட சுவாரசியமான விஷயம். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1980-களின் கடைசியில் போயிங்கிடம் 767 இருந்தது, அதற்கு மேலே நேராக 747 இருந்தது. நடுவில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையில் மூன்று என்ஜின் டிசி-10களும் டிரைஸ்டார்களும் கிழடாகிக்கொண்டிருந்தன. 767-ஐக் கொஞ்சம் நீட்டி விற்றுவிடலாம் என்று முதலில் பார்த்தார்கள். விமான நிறுவனங்கள் மசியவில்லை. சரி, புதிதாகவே செய்வோம் என்று முடிவானதும் போயிங் அதுவரை செய்யாத ஒரு காரியம் செய்தது. யுனைடெட், பிரிட்டிஷ் ஏர்வேஸ், கேத்தே பசிபிக், ஜப்பான் ஏர்லைன்ஸ் உள்பட எட்டு நிறுவனங்களைக் கூப்பிட்டு வடிவமைப்பு மேசையிலேயே உட்காரவைத்தது. 1990 அக்டோபரில் யுனைடெட் முதல் ஆர்டர் கொடுத்தது. முழுக்க முழுக்கக் கணினியில் வரையப்பட்ட முதல் பயணிகள் ஜெட் இதுதான். அதுவரை மரத்திலும் தகரத்திலும் முழு அளவு மாதிரி செய்து, குழாய் குழாயோடு இடிக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். மூக்குப் பகுதிக்கு மட்டும் ஒரு மாதிரி செய்து பார்த்தார்கள். திரையில் பொருந்தியது நிஜத்திலும் அப்படியே பொருந்தியதால் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

1994 ஜூன் 12-ல் முதல் பறப்பு. 1995 ஜூன் 7-ல் லண்டனிலிருந்து வாஷிங்டனுக்கு யுனைடெட்டின் முதல் பயணிகள் சேவை.

என் அத்தை முதன்முதலாக அமெரிக்கா கிளம்பியபோது டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "எந்த பிளேனுடா?" என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். "ரெண்டே ரெண்டு என்ஜினா? அவ்ளோ பெரிய கடலுக்கு மேல ஒண்ணு நின்னுபோச்சுன்னா?" என்றார். "ஒண்ணு போதும் அத்தை" என்றேன். நம்பவில்லை. அத்தை கேட்டதைத்தான் அமெரிக்க விமானத்துறை 1953-லிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு என்ஜின் விமானம் எந்த நேரத்திலும், ஒற்றை என்ஜினில், 60 நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்டும்படிதான் பறக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பெருங்கடலைத் தாண்ட மூன்றோ நான்கோ என்ஜின் வேண்டியிருந்ததற்கு இதுதான் காரணம். ஜெட் என்ஜின்கள் நம்பகமானதாக ஆக ஆக விதி தளர்ந்தது. 1985-ல் 767-க்கு 120 நிமிடம், 1988-ல் 180 நிமிடம். ஈடாப்ஸ் (ETOPS) என்று இந்த அனுமதிக்குப் பெயர். என்ஜின் சுத்தணும், இல்லேன்னா பயணி நீந்தணும் என்பது அந்த எழுத்துகளுக்கு விமானிகள் கொடுத்த விரிவாக்கம்.

முன்பு வந்த விமானங்கள் வருடக்கணக்கில் பறந்து, என்ஜின் நிற்காது என்று நிரூபித்த பிறகே இந்த அனுமதியை வாங்கின. 777 பிறக்கும்போதே கேட்டது. அதற்காக ஒரு விமானத்தையே ஒதுக்கி ஆயிரம் பறப்பு ஓட்டிக் காட்டினார்கள். 1995 மே 30-ல், முதல் பயணி ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால், 180 நிமிட அனுமதி கையில் வந்தது. 2003-ல் ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போய்க்கொண்டிருந்த யுனைடெட் 777 ஒன்று நடு பசிபிக்கில் ஒரு என்ஜினை நிறுத்த வேண்டிவந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஒற்றை என்ஜினில் பறந்து ஹவாயின் கோனாவில் பத்திரமாக இறங்கியது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "மூணு மணி நேரமும் உள்ள இருந்தவங்கள கேளு" என்றார். அதுவும் நியாயம்தான்.

இரண்டு என்ஜின் விமானத்துக்கு என்ஜின் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கும் இதே கவலைதான் காரணம். ஓடுபாதையில் பாதிக்கு மேல் ஓடி, இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தில் ஒரு என்ஜின் செத்தாலும் மிச்சத்தை வைத்து ஏறிவிட வேண்டும். நான்கு என்ஜின் விமானத்துக்கு அப்போது முக்கால் பலம் மிஞ்சும். இரண்டு என்ஜினுக்குப் பாதிதான். அந்தப் பாதியே போதுமானதாக இருக்க வேண்டும் என்றால், இரண்டும் ஓடும் சாதாரண நாளில் தேவைக்கு மேல் பலம் இருக்கும். 777 மளமளவென்று ஏறுவதும், நான்கு என்ஜின் ஏர்பஸ் ஏ340 பூமி வளைந்து கொடுப்பதால்தான் மேலே போகிறது என்று கிண்டல் வாங்குவதும் இதனால்தான்.

முதலில் வந்தது 777-200. கிளம்பும்போது உச்ச எடை 247 டன், தூரம் சுமார் 9,700 கிலோமீட்டர். 88 விற்றது. அதே உடம்பில் கூடுதல் எரிபொருளும் பலமான சட்டகமும் வைத்து 1997-ல் வந்தது 777-200ஈஆர். எடை 297 டன்னுக்குப் போனது, தூரம் 13,000 கிலோமீட்டரைத் தொட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. 400-க்கும் மேல் விற்ற இது முதல் தலைமுறையின் வேலைக்காரன். 1998-ல் உடம்பை பத்து மீட்டர் நீட்டி 73.9 மீட்டரில் 777-300 செய்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பயணிகள் விமானம். ஆனால் ஆளை நிறைய ஏற்றிக்கொண்டு அவ்வளவு தூரம் போக எரிபொருளும் என்ஜின் பலமும் போதவில்லை. ஆசியாவுக்குள் ஓட்ட வசதி. அதற்கு மேல் இழுக்காது. 60-தான் விற்றது.

இந்த முதல் தலைமுறைக்கு மூன்று கம்பெனி என்ஜின் கிடைத்தது. பிராட் அண்ட் விட்னி, ஜெனரல் எலெக்ட்ரிக், ரோல்ஸ் ராய்ஸ். வாங்குபவர் இஷ்டம். அடுத்த தலைமுறையில் போயிங் அந்த வாசலைச் சாத்திவிட்டது. 1999-ல் ஜெனரல் எலெக்ட்ரிக்கோடு மட்டும் ஒப்பந்தம். ஒரு என்ஜினுக்காக ஒரே கம்பெனி முழுமூச்சாகச் செலவழித்ததில் பிறந்தது ஜிஇ90-115பி. முன்பக்க விசிறி 3.25 மீட்டர் விட்டம். 737 விமானத்தின் உடம்பே 3.76 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும். விசிறியின் 22 இதழ்களும் கார்பன் இழையில் செய்தவை, அகலமாக, வளைந்து, ஒரு மாதிரி நளினமாக இருக்கும். அதில் ஒன்றை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கலைப்பொருளாகவே வாங்கி வைத்திருக்கிறது. 2002-ல் சோதனை மேடையில் இந்த என்ஜின் 1,27,900 பவுண்டு உந்துவிசை காட்டியது. அதன் அண்ணன் மகன் ஜிஇ9எக்ஸ் வந்துதான் அந்த சாதனை உடைந்தது.

இந்த என்ஜினை வைத்து இரண்டு விமானம். 2004-ல் ஏர் பிரான்ஸ் கையில் 777-300ஈஆர். 2006-ல் பாகிஸ்தான் இன்டர்நேஷனல் கையில் 777-200எல்ஆர். இரண்டுக்கும் இறக்கை நுனியில் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் பின்னோக்கிச் சாய்ந்த நீட்டல் சேர்த்தார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கும் துபாய் விமானத்தைப் பார்த்து 300ஈஆர் என்று கண்டுபிடிக்க அந்தக் கூரான நுனியே போதும். நுனி தெரியாத கோணம் என்றால் சக்கரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முக்கியக் காலிலும் மூன்று ஜோடி, ஆறு சக்கரம். இறங்கும்போது முன் ஜோடி மேலே தூக்கி, பின் ஜோடி தாழ்ந்திருக்கும். பின் சக்கரம் முதலில் புகை கிளப்பும், அப்புறம் மற்றவை உட்காரும். வால் நுனி உருண்டையாக இல்லாமல் உளி மாதிரி தட்டையாக முடியும்.

அந்தக் காலில்தான் 300ஈஆரின் பெரிய சூட்சுமம் இருக்கிறது. நீளமான விமானம் கிளம்பும்போது மூக்கை ரொம்பத் தூக்க முடியாது, வால் தரையில் உரசும். மூக்கைத் தூக்க முடியாவிட்டால் இறக்கைக்கு வேண்டிய கோணம் கிடைக்காது. அதை ஈடுகட்ட வேகம் கூட்ட வேண்டும், வேகத்துக்கு நீளமான ஓடுபாதை வேண்டும். சாதாரண 777 மூக்கைத் தூக்கும்போது காலின் நடு அச்சைச் சுற்றித் திரும்பும். 300ஈஆரில் காலுக்கும் சக்கரச் சட்டத்துக்கும் நடுவே ஒரு ஹைட்ராலிக் தண்டு வைத்தார்கள். கிளம்பும் நேரத்தில் அது பூட்டிக்கொள்ளும். உடனே விமானம் நடு அச்சை விட்டுப் பின் அச்சைச் சுற்றித் திரும்ப ஆரம்பிக்கும். பின் ஜோடியில் ஊன்றி எக்கி நிற்கும். உடம்பு சற்று உயர்வதால் வாலுக்கும் தரைக்கும் கூடுதல் இடைவெளி, மூக்கைக் கூடுதலாகத் தூக்கலாம், குறைந்த வேகத்திலேயே கிளம்பலாம். இந்த ஒற்றைத் தண்டு இல்லையென்றால் 351 டன் எடையைத் தூக்கிக்கொண்டு சாதாரண ஓடுபாதையிலிருந்து கிளம்புவது பெரும்பாடு. விமானத்தில் எனக்குப் பிடித்த இயந்திரம் எது என்று கேட்டால் என்ஜினைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

இப்போது எல்ஆர் ஏன் விற்கவில்லை என்பதற்கு வரலாம். அதன் உச்ச எடை 347 டன். வழக்கமான தொட்டிகளை நிரப்பினாலே 1,81,000 லிட்டர், எடையில் 145 டன். அதாவது கிளம்பும் எடையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எண்ணெய். பின் சரக்கறையில் கூடுதல் தொட்டிகள் போட்டால் இன்னும் ஏறும். தன் தீவனத்தைத் தானே முதுகில் சுமந்து, வழியெல்லாம் தின்றுகொண்டே போகும் மாடுதான் அது. பதினாறாவது மணி நேரத்துக்கு வேண்டிய எண்ணெயைச் சுமப்பதற்கே முதல் பதினைந்து மணி நேரமும் எண்ணெய் செலவாகிறது. அதற்காகக் கட்டிய பலமான இறக்கையும் காலும் பத்து மணி நேரப் பயணத்திலும் கூடவே வரும், வாடகை கொடுக்காமல். ஏறும் ஆளோ 300-ஐ ஒட்டித்தான்.

300ஈஆர் தூரத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டர் விட்டுக்கொடுத்தது. அதன் வீச்சு சுமார் 13,650. பதிலுக்குக் கூடுதலாக எழுபது, எண்பது பேர். அதைவிட முக்கியம் வயிறு. கீழ்த்தளத்தில் எல்டி3 என்ற சரக்குப் பெட்டி 44 பிடிக்கும். இரண்டு மாடி ஏ380-இல்கூட 38-தான். மேலே பயணிகள் நிறைய ஏறினால் அவர்கள் பெட்டியும் நிறைய வரும், ஏ380-இன் வயிற்றில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். 300ஈஆருக்கு பெட்டிகள் போக ஏராளமான இடம் மிச்சம். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு ராத்திரியோடு ராத்திரியாகப் போகும் காய்கறியும் மல்லிகையும் இப்படிப் பயணிகள் விமானத்தின் வயிற்றில் போவதுதான். டிக்கெட் விலை விழுந்த மாதத்தில்கூட இந்தச் சரக்குக் கூலி விமானத்தைக் காப்பாற்றும். 747-இன் கூட்டத்தை அரைவாசி என்ஜினில் தூக்கி, கூடவே ஒரு சரக்கு விமானத்தின் வேலையில் பாதியையும் செய்ததால்தான் 300ஈஆர் நான்கு என்ஜின்காரர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஏ340 உற்பத்தியை ஏர்பஸ் 2011-ல் நிறுத்திவிட்டது.

எல்ஆரின் கதையை நம் ஊர் ஏர் இந்தியாவை வைத்தே சொல்லலாம். எட்டு எல்ஆரும் பதினைந்து 300ஈஆரும் ஆர்டர் கொடுத்தது. 2007-ல் மும்பையிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறந்ததும் இந்த எல்ஆர்தான். ஆனால் எண்ணெய் விலை ஏறிய காலம் அது. கட்டுப்படியாகாமல் ஐந்தை எதிஹாதுக்கு விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த மூன்றில் ஒன்று 2021 ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தை ஒட்டி பெங்களூரு வந்தது. விமானி அறையில் இருந்த நால்வரும் பெண்கள். தலைமை, கேப்டன் ஜோயா அகர்வால். அடுத்த வருடம் டாடா கைக்குப் போன ஏர் இந்தியாவுக்கு அமெரிக்கா போக அவசரமாக விமானம் வேண்டியிருந்தது. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் ஓட்டி ஓய்வு கொடுத்த எல்ஆர்களை வாடகைக்கு எடுத்தார்கள். எத்தனை? ஐந்து. விற்றதும் ஐந்து, வாடகைக்கு வந்ததும் ஐந்து. சிரிப்பதா என்று தெரியவில்லை. தூரத்துக்கான தேவை நிஜம், அது சில வழித்தடங்களில் மட்டும், சில வருடங்களில் மட்டும் என்பதுதான் எல்ஆரின் ஜாதகம். பிரதமரும் குடியரசுத் தலைவரும் போக அரசாங்கம் எடுத்துக்கொண்ட இரண்டும் 300ஈஆர்தான் என்பதைக் கவனித்தீர்களா?

எல்ஆர் வீணாகவும் போகவில்லை. அதன் பலமான உடம்பில் ஜன்னல்களை அடைத்து, பெரிய கதவு வெட்டி 2009-ல் சரக்கு விமானம் செய்தார்கள். நூறு டன்னுக்கு மேல் தூக்கும். அதுவே இருநூறைத் தாண்டி விற்றுவிட்டது. எண்ணெய்க்காகக் கட்டிய பலம் பெட்டி தூக்க உதவியது.

பயணியாக 300ஈஆர் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அந்த உடம்பை வரிசைக்கு ஒன்பது இருக்கை என்று நினைத்துத்தான் வரைந்தார்கள். அப்போது ஒவ்வொரு இருக்கையும் பதினெட்டரை அங்குலம். இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் மூன்று, நான்கு, மூன்று என்று பத்தைத் திணித்து பதினேழுக்குக் கொண்டுவந்துவிட்டன. ஒருமுறை நடு நான்கில் நடுவே உட்கார்ந்து வந்தேன். இரண்டு பக்கமும் நல்ல வாட்டசாட்டமான மனிதர்கள். கைப்பிடிக்கு மூன்று பேரும் முறை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாப்பாடு வந்தபோது முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் சாப்பிட்டேன். சம்பாதித்துப் போட்ட விமானம் என்று மேலே எழுதினேனே, அந்தச் சம்பாத்தியத்தில் என் விலாவுக்கும் பங்கு இருக்கிறது.

பாதுகாப்பு பற்றி ஒரு விஷயம் மட்டும். 777-ஐக் கம்பி இழுத்து ஓட்டுவதில்லை, கணினி வழி மின்சமிக்ஞைதான். மூன்று முதன்மைக் கணினிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று வேறுவேறு கம்பெனிச் சில்லுகள். ஒரு சில்லில் வடிவமைப்புப் பிழை இருந்தாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு யோசித்த விமானத்தின் முதல் பெரிய விபத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ் கட்டியிலிருந்து. 2008 ஜனவரி 17, பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 200ஈஆர் ஹீத்ரோவில் இறங்கப் போகிறது. கடைசி நிமிடத்தில் இரண்டு என்ஜினும் பலம் கேட்டும் கொடுக்கவில்லை. கேப்டன் பீட்டர் பர்க்கில் இறக்கை மடிப்பைக் கொஞ்சம் உள்ளிழுத்து இழுவையைக் குறைத்தார். துணை விமானி ஜான் கவர்ட் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் புல்வெளியில் இறக்கினார். 150-க்கும் மேற்பட்டவர்களில் யாரும் சாகவில்லை.

எரிபொருளில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவு தண்ணீர் இருக்கும். நீண்ட குளிர்ப் பயணத்தில் அது குழாய்ச் சுவரில் ஐஸாகப் படிந்திருக்கிறது. இறங்கும் நேரத்தில் திடீரென்று எண்ணெய் வேகமாகப் பாய்ந்ததும் மொத்தமாகப் பெயர்ந்து வந்து, எண்ணெயைச் சூடாக்கும் பெட்டியின் வாயை அடைத்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் ஆயிரத்துக்கு மேல் சிறு குழாய்கள். ரோல்ஸ் ராய்ஸ் வடிவமைப்பில் அவற்றின் முனைகள் தட்டின் மேல் சில மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தன. ஐஸ் அதில் பிடித்துக்கொண்டது. அதே வருட நவம்பரில் டெல்டா 777 ஒன்றிலும் ஒரு என்ஜின் இப்படிச் சுணங்கியது. முனைகளைத் தட்டோடு சமமாக்கினார்கள், தீர்ந்தது. ஒரே விமானம், மூன்று கம்பெனி என்ஜின் என்று வகை கூடும்போது இந்த மாதிரி ஒரு வகைக்கு மட்டும் சொந்தமான நோயும் கூடவே வரும்.

கடைசியாக 777எக்ஸ். 2013 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் அறிவித்தார்கள். 76.7 மீட்டர் நீளமுள்ள 777-9, அதைவிடக் குட்டையாக, அதைவிடத் தூரம் போகும் 777-8. கார்பன் இழை இறக்கை, விரித்தால் 71.8 மீட்டர். அந்த அகலம் பெரும்பாலான விமான நிலைய நிறுத்தங்களில் அடங்காது. அதனால் நுனியை மேலே மடக்கி 64.8-க்குக் கொண்டுவருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் 1990-களில் முதல் 777-க்கே மடக்கும் இறக்கையை விருப்பத் தேர்வாக போயிங் வைத்திருந்தது. ஒரு நிறுவனம்கூட வாங்கவில்லை. 2020 ஜனவரியில் 777-9 முதலில் பறந்தது. அந்த வருடமே வாடிக்கையாளர் கைக்குப் போக வேண்டியது, இப்போது போயிங் சொல்வது 2027. நடுவில் 2024-ல் என்ஜினை இறக்கையோடு பிணைக்கும் பாகத்தில் முறிவு கண்டு சோதனை விமானங்களையே நிறுத்திவைத்தார்கள்.

ஆர்டர் பட்டியலைப் பார்த்தால் பழைய கதைதான். பயணிகள் வடிவத்தில் பெரும்பகுதி நீளமான 777-9-க்கு. தூரம் போகும் 777-8-ஐக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் சில நிறுவனங்கள். 2022-ல் கத்தார் ஏர்வேஸ் கையெழுத்தோடு 777-8-இன் சரக்கு வடிவத்தை போயிங் தொடங்கியது. 777-9-க்கு அடுத்து அதுதான் வரும் என்று வரிசையையும் மாற்றிவிட்டது. தூரம் போக ஆசைப்படும் பயணிகள் விமானம் அதற்கும் பின்னால் காத்திருக்கிறது.